வேலிதான் போட்டேன், சண்டை போடவில்லை

தோட்டத்துக்குக் கம்பி வலை வேலி போட்டு முடித்தாயிற்று. இடது பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். வலது பக்கத்துக்காரர் பார்க்கும்போதெல்லாம் "என்ன தம்பி, எல்லையில காவலுக்கு ஆள் போட்டாச்சா?" என்று கேட்கிறார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஆனால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் வேலி போடுகிற எல்லோருக்கும் இந்தக் கதைதான் நடக்கிறது.

ஏற்கெனவே ஆளுயர மதில் சுவர் இருக்கிற வீட்டை வாங்கிக் குடிவருகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இத்தனை நாள் திறந்து கிடந்த இடத்தில் நாலடிக்கு வலை கட்டினால் மட்டும் "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று வந்துவிடுகிறது. கம்பி மேல் யாருக்கும் கோபம் கிடையாது. அந்த மூலையில் வண்டியைத் திருப்பிப் பழகியிருப்பார்கள், நம் மரத்தில் ஒரு முனையைக் கட்டித் துணி காயப் போட்டிருப்பார்கள், கடைக்குப் போக அதுதான் குறுக்கு வழி. நாம் சும்மா இருந்ததால் கிடைத்த சலுகை அது. நாள் போகப் போக அவர்கள் மனதில் அது உரிமையாகிவிடும். மனதில் மட்டுமில்லை, பல நாடுகளின் சட்டமே அப்படித்தான், ஒரு நிலத்தின் வழியாக நீண்ட காலம் தடையில்லாமல் நடந்து வந்தால் அதை வழியுரிமையாகக் கோர இடம் கொடுக்கிறது. அதனால் ஏதோ நடைபாதை ரொம்ப வருஷமாகவே இருக்கிறது என்றால், கம்பம் நடுவதற்கு முன்னால் பத்திரத்தையும் விஷயம் தெரிந்த ஒருவரையும் பார்த்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை, எல்லை தெளிவு, உயரமும் உள்ளூர் விதிக்குள்தான் இருக்கிறது என்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் சொல்ல வேண்டும். கடப்பாரைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, நாம் போய்ச் சொல்லித் தெரிந்துகொள்வது வேறு. "வேலி போடலாமா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம் என்பார்கள், அப்புறம் மீறிப் போட்டால் அது தனிக் குற்றம். "வேலி போடறோம், அளக்கும்போது நீங்களும் வந்து நில்லுங்க" என்று சொல்லுங்கள், போதும்.

ஏன் என்று கேட்பார்கள். ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், அதுவும் உண்மைக் காரணம். நாலு காரணம் சொன்னால் நாலுக்கும் அவர்களிடம் ஆலோசனை இருக்கும், விடிய விடியப் பேச வேண்டிவரும். நாயே வளர்க்காத வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாய்க்காகத்தான் வேலி என்று சொல்வதும் வேண்டாம்.

அளப்பதில்தான் பாதி சண்டை தீரும். எல்லைக்கல் இரண்டையும் மண்ணைத் தள்ளித் தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் நில அளவையரை வைத்து நட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்குக் கல் கயிறு கட்டும்போது மறுமுனையை அவர் கையில் கொடுங்கள். முணுமுணுத்துக்கொண்டே வந்து நிற்கிற ஆள்கூடக் கயிறு கைக்கு வந்ததும் "இன்னும் கொஞ்சம் இழுங்க, தொய்யுது" என்று வேலையில் இறங்கிவிடுவார். நான் கண்ணால் பார்த்தேன், இப்போது முகத்தைத் திருப்புகிற அதே ஆள்தான் அன்றைக்குக் குனிந்து சுண்ணாம்புக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தவர். கோபம் இருக்கட்டும், எல்லையைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று மட்டும் அவர் வாயில் வராது.

கம்பத்தைக் கோட்டின் மேலேயே நடாதீர்கள். கம்பம் சின்னதுதான், ஆனால் அதைச் சுற்றிப் போடுகிற கான்கிரீட் குழி அகலமானது. கோட்டின் மேல் நட்டால் மண்ணுக்கு அடியில் பாதிக் குழி அடுத்தவர் நிலத்தில் இருக்கும். ஒரு அடியாவது உள்ளே தள்ளி நடுங்கள். எட்டடிக் கம்பம் என்றால் இரண்டடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் போக வேண்டும், மூலைக் கம்பங்களுக்கு முட்டு கட்டாயம், ஏனென்றால் வலையை இழுத்துக் கட்டுகிற விசை முழுவதும் மூலையில்தான் வந்து சேரும். கான்கிரீட் போட்ட மறுநாளே வலையை இழுக்க அவசரப்படுவார்கள். ஒரு வாரம் விடுங்கள். கம்பம் சாய்ந்துபோய் மறுபடி தோண்டினால் தெருவே வேடிக்கை பார்க்கும். வலையின் வெட்டுமுனைகளை நம் பக்கம் மடக்கிவிடுங்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளை கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது.

தகரம் அடைப்பதா, வலையா என்று கேட்டால் வலை என்றுதான் சொல்வேன். தகரத்தில் காற்று முழு வேகத்தில் மோதும், கம்பத்தையே ஆட்டிவிடும். அவர்கள் பக்கத்துச் செடிக்கு வெயிலும் போய்விடும். இடைவெளி உள்ள வேலியில் காற்று வடிந்து, வேகம் குறைந்து போகும். அடியில் ஒரு வரி செங்கல் வைத்தால் தண்ணீர் போக ஓட்டை விடாமல் இருக்காதீர்கள். மழைநீர் அவர்கள் பக்கம் தேங்கினால் அந்தப் புகார் நியாயமான புகார், அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

மற்ற புகார்கள் அப்படியில்லை. இடது வீட்டுக்காரர் குறை சொன்னார் என்று எதிர்வீட்டுக்காரர் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வேலியைப் படம் பிடித்துப் போட்டார், கூடவே ஒரு பெருமூச்சுப் பொம்மை. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள். அவர் வீட்டுக்கும் இந்த வேலிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது! நான் பதில் போடவில்லை. குழுவில் பதில் போட்டால் அது அறுபது பேரின் பிரச்சினையாகிவிடும், நேரில் பேசினால் இரண்டு பேரோடு போகும்.

செலவில் பாதி கேட்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். போட்டு முடித்த பிறகு கேட்கவே கூடாது. நமக்குத் தேவை, நாம் போட்டோம், முழுச் செலவும் நம்முடையது. முன்கூட்டிப் பேசிச் சேர்ந்து போடுகிறீர்கள் என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யார் பெயின்ட் அடிப்பது, யார் மாற்றுவது என்பது வரைக்கும். கொடி படரவிட்டால் அவர்கள் பக்கம் தாண்டுவதை அவர்களே வெட்டிக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலர் "போக வர ஒரு சின்னப் படல் வையேன், உறவு விட்டுப்போகாது" என்கிறார்கள். வைக்கலாம், எனக்கும் ஆசைதான், வலது பக்கத்து அக்கா மருதாணி பறிக்க வருவார். ஆனால் தாழ்ப்பாள் நம் பக்கம்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய குறுக்கு வழி திரும்ப வந்துவிடும். துரு ஏறி இறுகிப்போகாத தாழ்ப்பாள் யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.