வேலை கொட்டிலுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது

வெண்பன்றி வளர்ப்பு பற்றி வரும் வீடியோக்களில் எல்லாம் ஒரே கணக்குதான். சினைக்காலம் 114 நாள், ஈற்றுக்கு 8 முதல் 12 குட்டி, வருஷத்துக்கு 2 ஈற்று, ஏழெட்டு மாதத்தில் நூறு கிலோ, அப்புறம் பணத்தை எண்ண வேண்டியதுதான் பாக்கி. கணக்கு தப்பில்லை. ஆனால் தாய் மேலே படுத்து நசுங்கிப்போன குட்டியும், குளிரில் விறைத்த குட்டியும், இரும்புச்சத்து ஊசி போடாமல் வெளுத்துச் சோர்ந்த குட்டியும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

சரி, அதை விடுங்கள். ஒரு பண்ணை வந்தால் ஊருக்கே வேலை என்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சின்னப் பண்ணை என்றால் ஒரு குடும்பமே பார்த்துக்கொள்ளும், வெளியாள் எதற்கு? வேலை இருப்பது கொட்டிலுக்கு முன்னாலும் பின்னாலும். செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும். அந்தத் தீவனம் மூட்டையாக வெளியூரிலிருந்து வந்து, வளர்ந்த பன்றி உயிரோடு லாரி ஏறி வெளியூருக்கே போனால் ஊருக்கு மிஞ்சுவது நாற்றம் மட்டும்தான். (நாற்றம் பன்றியின் குற்றம் இல்லை, இடம் தாராளமாக இருந்தால் அது படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப்போய்த்தான் சாணம் போடும்.) மக்காச்சோளம் போடுகிறவர், தவிடும் புண்ணாக்கும் கலந்து அரைத்துக் கொடுக்கிற மில், சினை ஊசி போடுகிறவர், அறுத்துத் துண்டு போடுகிறவர், குளிர்பதன அறை, சாணத்திலிருந்து எரிவாயு என்று இதெல்லாம் பக்கத்திலேயே இருந்தால்தான் பணம் ஊருக்குள் சுற்றும். கொட்டில் கட்டக் கடன் கொடுப்பதற்கு முன்னால் சுத்தமான ஒரு அறுப்புக்கூடம் கட்டுங்கள் என்பேன்.

இன்னொன்று, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921ல் கென்யாவில் பதிவான நோய், 2018ல் சீனாவுக்கும் 2020ல் இந்தியாவின் வடகிழக்குக்கும் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கொட்டிலுக்குள் நுழைந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது, மொத்தப் பட்டியும் காலியாகிவிடலாம். கொடுமை என்னவென்றால், தீவனச் செலவைக் குறைக்கிறேன் என்று வாங்கிப் போடுகிற ஓட்டல் மிச்சத்தில், வேகாத பன்றி இறைச்சி இருந்தால் அதன் வழியாகவும் இந்தக் கிருமி வரும். போட்டே ஆக வேண்டும் என்றால் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுங்கள். வியாபாரியின் வண்டி பட்டி பட்டியாக ஏறி இறங்கி வருவது, அதை வாசலுக்குள் விடவே கூடாது.

கடன் தர வருகிறவர்கள் காப்பீட்டையும் இழப்பீட்டையும் அதே மேடையில் பேசட்டும். அதுவரை என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் இரண்டு தாய்ப்பன்றியோடு தொடங்குங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.