பழைய டீசல் பிக்கப்புக்குப் பவர் கூட்டுவது: எந்த வேலைக்கு முதல் பணம்?

பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் குறைந்த செலவில் வண்டியின் இழுவையைக் கூட்ட வழி கேட்டால், "டீசல் பம்பில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுங்கள்" என்ற பதில்தான் முந்திக்கொண்டு வருகிறது. அந்தப் பதில் பொய்யல்ல. திருகினால் பீய்ச்சும் டீசல் அதிகமாகி பவர் கூடும், பைசா செலவும் கிடையாது. ஆனாலும் அதை முதல் வேலையாகச் சொல்லிக்கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கையில் இருப்பது சிறிய தொகை என்றால், அதை முதலில் காற்றுக்கும், இழந்த பவரை மீட்பதற்கும், ஒரு வெப்பமானிக்கும் செலவிட வேண்டும். டீசலைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான்.

டீசல் இன்ஜினில் எவ்வளவு எரிபொருள் பீய்ச்சப்படுகிறது என்பதே பவரை முடிவு செய்கிறது. ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் பீய்ச்சிய டீசல் காற்றோடு கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், நடைமுறையில் காற்றின் அளவு 18 கிலோ அளவுக்குக் குறையும்போதே கரும்புகை தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது. சைலன்சர் வழியாகப் போகும் அந்தப் புகையைப் பவரின் அடையாளமாகப் பெருமை பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது காற்று போதாமல் முழுதாக எரியாத டீசல். பின்னால் வருபவரின் நுரையீரலுக்கும் கேடு, உங்கள் பிஸ்டனுக்கும் கேடு.

பல ஆண்டுகள் உழைத்த வண்டி, புதிதாக வந்தபோது இருந்த பவரில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் இழந்திருக்கும். அதை மீட்பதுதான் மிக மலிவான பவர். ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து பம்பின் லிவர் அதன் கடைசி ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டுபோனாலோ, பெடலுக்கு அடியில் கனமான மேட் கிடந்தாலோ லிவர் முழுதாகத் திறக்காது. கேபிளைச் சரிசெய்தாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். அடுத்ததாக ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், வால்வுகளின் டேப்பட் இடைவெளி, இன்ஜெக்ஷன் டைமிங் (டீசல் பீய்ச்சப்படும் தருணம்), டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் தெளிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தால், நல்லது மூடுபனிபோலத் தெளிக்கும்; தேய்ந்தது சொட்டும். கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் அளந்துவிடுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் பவர் கூட்டும் வேலைக்குப் போடும் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

டர்போ, அதாவது புகைவாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, உள்ள வண்டியில் காற்றுக் கசிவைத் தேடாமல் விடக் கூடாது. டர்போவின் காற்று வாயை அடைத்து, ரெகுலேட்டர் வழியாக மெல்ல அழுத்தம் கொடுத்துக்கொண்டே ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். பெரும்பாலும் தளர்ந்த ஒரு கிளாம்ப்போ, எண்ணெயில் ஊறி இளகிய ஒரு ரப்பர் ஹோஸோதான் குற்றவாளியாக இருக்கும். பம்பின் மேலே பூஸ்ட் அழுத்தத்துக்கு (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்ப டீசலைக் கூட்டும் ரப்பர் டயஃப்ரம் உள்ள வண்டிகளில், அந்த ரப்பர் கிழிந்திருந்தால் டர்போ எவ்வளவு ஊதினாலும் டீசல் கூடாது. "வண்டி மந்தமாகிவிட்டது" என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் இந்தச் சிறிய ரப்பர்தான் இருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தால், பூஸ்ட் கேஜ் ஒன்றும், புகைவாயுவின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். பைரோமீட்டர் இல்லாமல் டீசல் ஸ்க்ரூவைத் தொடுவதை நான் ஏற்கவே மாட்டேன். அதன் உணரியை டர்போவின் டர்பைன் சக்கரத்துக்கு முன்னால், புகைவாயு சேரும் மேனிஃபோல்டில் பொருத்த வேண்டும். டர்போவைக் கடந்த பிறகு வாயு வெப்பத்தை இழந்துவிடுவதால், அங்கே அளந்தால் பொய்யான தைரியம்தான் கிடைக்கும். துளையிடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு, ஏனென்றால் ஓர் உலோகத் துகள் போதும், டர்பைன் இறக்கைகளைச் சேதப்படுத்த. தொடர்ந்த ஏற்றத்தில் சுமையோடு போகும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி முள் நிற்கக் கூடாது என்பது பலரும் கடைப்பிடிக்கும் எல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டனை எண்ணெயும் சிலிண்டர் சுவரும் குளிரவைப்பதால்தான் அது பிழைக்கிறது. முள் ஏறும்போது ஒரு கியர் இறக்கிப் பாருங்கள்: இன்ஜின் வேகம் கூடி, காற்று அதிகம் வந்து, வெப்பம் இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

இனி ஸ்க்ரூவுக்கு வரலாம். முதலில் பழைய இடத்தைக் கீறி அடையாளம் வையுங்கள். ரோட்டரி பம்பில் ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஐட்லிங்கைச் சரிசெய்து, சுமையோடு ஓட்டி, புகையையும் முள்ளையும் பாருங்கள். பேராசைப்பட்டுத் திருகினால், காலை எடுத்த பிறகும் இன்ஜின் வேகம் இறங்காத நிலை வரலாம்.

உறுதியான பழைய இன்ஜினில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதற்குக் கம்மின்ஸ் 5.9 லிட்டர் நல்ல உதாரணம். 1994-இல் டாட்ஜ் பிக்கப்பில் 160, 175 குதிரைத்திறனில் வந்த அதே 12 வால்வு இன்ஜின், 1996-இல் மேனுவல் கியர் வண்டியில் 215 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதே இன்ஜினில், முன்புற கியர் உறையை நிலைநிறுத்தும் ஒரு சிறிய எஃகு ஊசி தளர்ந்து கியர்களுக்குள் விழும் ஆபத்து உண்டு. ஊசி வெளியே வராமல் தடுக்கும் சின்னத் தகட்டைப் போடாமல் அதில் பவர் கூட்டுவது அடித்தளத்தைப் பார்க்காமல் மாடி கட்டுவதுபோல. 1998-இல் தொடங்கிய 24 வால்வு இன்ஜினுக்கு வேறு கவலை: டீசல் பம்பைக் குளிரவைப்பதே அதற்கு வரும் டீசல்தான். டீசலை அதற்குத் தள்ளிவிடும் ஃபீட் பம்ப் சோர்ந்தால், விலையுயர்ந்த பெரிய பம்பும் போய்விடும். அங்கே முதல் செலவு டீசல் அழுத்தக் கேஜுக்குத்தான்.

டர்போ இருந்தும், அது தள்ளும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லாத வண்டியில், பழைய பாகமாகக் கிடைக்கும் ஓர் இன்டர்கூலரைப் போல மதிப்புள்ள முதலீடு வேறில்லை. ஒரு பார் பூஸ்டில் காற்று 110 டிகிரியையும் தாண்டிச் சூடாகலாம். அதை 50 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் அடர்த்தி கூடும். புகையும் வெப்பமும் சேர்ந்தே குறையும். டர்போவே இல்லாத வண்டியில் டீசலைக் கூட்டினால் கிடைப்பது பெரும்பாலும் புகைதான்.

முழுக்க இயந்திரப் பம்பில் ஓடும் வண்டிக்கு மலிவான "பவர் சிப்" விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்தப் பம்பில் சிப் பேசுவதற்குக் கம்ப்யூட்டரே இல்லை. பெரிய டயர் போட்டிருந்தால் அதையும் யோசியுங்கள்: விட்டம் 10 சதவீதம் கூடினால் சக்கரம் சாலையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. பழைய அளவு டயருக்குத் திரும்புவதும் பவர் கூட்டும் வேலைதான்.

கூடிய முறுக்குவிசை முதலில் போய் இடிப்பது கிளட்ச்சில். டாப் கியரில் முழுதாக மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. அதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள். பவர் கூடியதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடவில்லை. ஆக்சிலும் பிரேக்கும் பழையவையே. டிரெய்லர் இழுப்பவர்கள் பிரேக் லைனிங்கையும், வெடிப்புவிட்ட பிரேக் ஹோஸ்களையும் பம்பில் கை வைக்கும் முன்பே மாற்றி முடித்திருக்க வேண்டும்.