ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்கா?

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையைச் சுத்தம் பண்ண வரச் சொல்லி, நான் வேலை பார்க்கும் நகைக்கடன் கம்பெனி எங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை நேற்று பகிர்ந்திருந்தேன். அதற்கு வந்த கமெண்ட் எல்லாவற்றையும் படித்தேன். “கடற்கரையைச் சுத்தம் பண்ணக் கூப்பிட்டதுக்கு இவ்வளவு கோபமா?” என்று கேட்டவர்கள் தயவுசெய்து சுற்றறிக்கையின் கடைசி வரியைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரியமான் கடற்கரைக்கு வராதவர்கள் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இன்க்ரிமென்ட் போடும்போது அது கணக்கில் வருமாம். அன்பான அழைப்புதான்!

குப்பை பொறுக்குவது நல்ல காரியம். யார் இல்லை என்றது? வேலை நாளில் வையுங்கள். ஒரு நாள் கிளையைப் பூட்டுங்கள், முதல் ஆளாக வந்து நிற்கிறேன். கிளையைப் பூட்ட மனசு வராது, எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்வீர்கள்.

சட்டம் பேசாதே என்கிறார் ஒருவர். ஏன் பேசக் கூடாது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். வராவிட்டால் இன்க்ரிமென்ட்டில் கை வைப்பீர்கள் என்றால் அது வேலைதானே? நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கச் சொல்வது பெரிய கம்பெனிகளிடம். கணக்கெழுதுகிறவளின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக் கொடு என்று அதில் எங்கும் இல்லை.

போன வருடம் பேசாமல் போனவள்தான் நான். எங்கள் தெருவுக்குத் தண்ணி வண்டி ஞாயிறு காலைதான் வரும். குடங்களைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். பேனர் கட்டி, போட்டோ எடுத்து முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மண்ணில் பாதி புதைந்த பழைய வலை ஒன்றை நாலு பேர் பிடித்து இழுக்கிறோம், அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர், “இழுத்தா வராது தாயி, அறுக்கணும்” என்று இடுப்புக் கத்தியை எடுத்து அறுத்துக் கொடுத்தார். போட்டோவில் அவர் இல்லை. டீசர்ட் போடவில்லையே!

“ஒரு நாள்தானே” என்பவர்கள் தங்கள் ஒரு நாளைக் கொடுக்கட்டும், அப்புறம் பேசலாம்.

“கடற்கரையில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதுதான் ராத்திரி தூங்க விடவில்லை. எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். ஒரு போட் கரை திரும்பவில்லை என்றால் எங்கள் ஊரில் அன்றைக்குத் தொழில் கிடையாது, இருக்கிற படகெல்லாம் தேடத்தான் போகும். டீசல் அவரவர் செலவு. வராதவன் பேரை யாரும் குறித்து வைத்ததில்லை. ஊருக்கு உழைக்க எனக்கு மேனேஜர் கற்றுத்தர வேண்டுமா?

மீனவர் மேல் அவ்வளவு பாசம் என்றால் வேறு வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தாலிச்சங்கிலி வரை எங்கள் கவுண்டருக்கு வந்துவிடும். இந்த வருடம் ஒரு அக்காவுக்குக் கம்மல் திருகாணி இறுகிப்போய், சோப்புத் தண்ணி போட்டுக் கழற்றிக் கொடுத்தார். எடை போட்டவள் நான். வட்டி எவ்வளவு என்று அவர் கேட்டபோது சொன்னவளும் நான்தான். அந்த இரண்டு மாத வட்டியைக் கொஞ்சம் குறையுங்களேன். அதற்கு யாருடைய லீவும் வேண்டாம், தலைமை அலுவலகத்தில் ஒரு கையெழுத்து போதும்.