தெளிந்த நீர் தூய நீர் ஆகிவிடாது
"டெல்டாவின் களிமண்ணே குப்பைக் கிடங்கின் கசிவுநீரை வடிகட்டிவிடும், அடிபம்புத் தண்ணீர் தெளிவாக இருந்தால் போதும்" என்று சிலர் சொல்வது சரியன்று. கோடையில் நம் வயல்களே கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கின்றன. களிமண்ணுக்கு அடியில் பழைய ஆற்றுத் தடங்களின் மணல் அடுக்குகளும் உள்ளன. கலங்கலை மண் நிறுத்தினாலும், கரைந்துள்ள குளோரைடும் நைட்ரேட்டும் நிறமின்றிக் கடந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பும் இடத்தின் அடியில் 90 செ.மீ. களிமண் படுகையின் மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பையும், அப்படுகைக்குக் கீழே குறைந்தது 2 மீட்டர் ஆழத்தில்தான் நீர்மட்டம் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தின. ஐப்பசி மழையில் நம் ஊர்களில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது? நாகைப் பக்கம் உப்பு கடலிலிருந்தும் வரலாம் என்பதால், நிலத்தடி நீரோட்டத்தில் கிடங்குக்கு மேற்புறமுள்ள கிணற்றையும் கீழ்ப்புறமுள்ள கிணற்றையும் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என மூன்று பருவங்களிலும் ஒப்பிட்டு, அம்மோனியாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கசிவு புலப்படும்.