அந்த வரைபடத்தில் பனியை மட்டும் பார்க்காதீர்கள்

புள்ளிவிவரப் படங்களைப் பற்றி யார் பேசினாலும் ஷார்ல் ஜோசஃப் மினாரின் வரைபடம் வந்துவிடும். 1812-ல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் போய்த் திரும்பிய கதை. பிரான்ஸின் ஓய்வுபெற்ற பொறியாளரான மினார் இதை 1869-ல், தன் 88-வது வயதில் வெளியிட்டார். கூடவே ஒரு விளக்கமும் வரும்: "ரஷ்யக் குளிர்தான் அந்தப் படையைக் கொன்றது." இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வரைபடமே அப்படிச் சொல்லவில்லை.

போகும் படை பழுப்புப் பட்டை, திரும்பும் படை கறுப்புப் பட்டை. பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர். மாஸ்கோ போய்ச் சேரும்போது 1,00,000. வடக்கே பிரிந்துபோன 22,000 பேர், 60,000 பேர் என்ற இரண்டு பிரிவுகளைக் கழித்தாலும், சுமார் 2,40,000 பேர் போகிற வழியிலேயே குறைந்துவிட்டார்கள். எப்போது? ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. நல்ல கோடைக்காலம்! பசி, டைஃபஸ் (பேன் மூலம் பரவும் காய்ச்சல்), வயிற்றுக்கடுப்பு, சண்டை, படையை விட்டு ஓடியவர்கள், வழியூர்களில் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள் எல்லாம் இதில் அடக்கம். திரும்பும்போது இழந்தது இதில் ஏறக்குறைய பாதிதான்.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் பனி மட்டும் கண்ணில் படுகிறது? மினார் வெப்பநிலைக் கோட்டைத் திரும்பும் பாதைக்குக் கீழே மட்டும்தான் வரைந்தார். டிசம்பர் 6-ல் அது மைனஸ் 30-க்கு இறங்குகிறது (அந்தக் கால ரியோமூர் அளவு, செல்சியஸில் மைனஸ் 37.5). கோடை வெயிலுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. பெரெசினா ஆற்றுக்கு இந்தப் பக்கம் 50,000, அந்தப் பக்கம் 28,000 என்று கறுப்புப் பட்டை சட்டென்று ஒடுங்குவதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் பழுப்புப் பட்டை மெல்ல மெல்ல இளைப்பது கண்ணில் உறைப்பதில்லை.

ஓவியர்களும் பெரும்பாலும் பனியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அடோல்ஃப் நார்தென் 1851-ல் வரைந்த ஓவியத்தில், வெள்ளைக் குதிரை மேல் நெப்போலியன், சுற்றிலும் பனி. தோல்வியிலும் ஒரு கம்பீரம். பழியை இயற்கை மேல் போடுவதற்கு இதைவிட வசதியான படம் கிடைக்காது.

ஃபாபர் து ஃபோர் வேறு மாதிரி. நெப்போலியன் பக்கம் நின்ற ஜெர்மன் நாடான வூர்ட்டம்பெர்க்கின் பீரங்கிப் படை அதிகாரியாக அந்தப் படையோடு நடந்தவர். இடமும் தேதியும் குறித்து ஓவியங்கள் வரைந்தார். 1830-களில் அவை கல்லச்சில் வந்தன. அவருடைய ரஷ்யா ஜூன் மாதத்திலேயே தொடங்குகிறது. மாஸ்கோ இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போதே மனிதர்கள் தளர்ந்து போயிருக்கிறார்கள், குதிரைகள் சாகின்றன.

மினாரின் வரைபடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தலைப்பிலேயே வெற்றி, வீரம் என்று எதுவும் இல்லாமல் "ஆள் இழப்பு" என்று எழுதியவர் அவர். அதற்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் ரஷ்யர்களுக்கு அதில் ஒரு பட்டைகூட இல்லை. மாஸ்கோவுக்கு முன் நடந்த பொரோடினோ சண்டையில் ஒரே நாளில் விழுந்த பல்லாயிரம் ரஷ்ய வீரர்களும், வீடு எரிந்துபோன மாஸ்கோவாசிகளும் அந்தத் தாளுக்கு வெளியே நிற்கிறார்கள். வகுப்பில் இந்த வரைபடத்தைக் காட்டும் ஆசிரியர்கள் ஃபாபர் து ஃபோரின் கோடைக்காலப் படங்களில் இரண்டையாவது பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பழுப்புப் பட்டையிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.