பைலட் பயிற்சியும் நம் வீட்டுத் தலையாட்டலும்

கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை கிடக்கிறதல்லவா, அங்கே மறுபடியும் விமானம் இறங்கப் போகிறது என்று அவ்வப்போது ஒரு செய்தி கிளம்பும். உடனே நம் காரைக்குடி வாட்ஸப் குழுக்களில் பிள்ளையைப் பைலட்டாக்கும் பேச்சும் கிளம்பிவிடும். கூடவே இரண்டு கவலைகள். ஒன்று பணம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்று, "நம்ம பிள்ளைக்கு இங்கிலீஷ் சரளமா வராதே, டவர்ல பேசறது புரியுமா?" என்பது. டவர் என்பது விமானங்களுக்கு ரேடியோவில் வழிசொல்லும் கட்டுப்பாட்டு நிலையம், அங்கிருந்து பேசுகிறவர் கன்ட்ரோலர். கவலைப்பட வேண்டியது அதற்கில்லை என்பது என் கட்சி.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரி வானத்தில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் போனார்கள். 15,000 அடியில் நிற்கச் சொன்ன கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளின் ஆங்கிலக் குறைவு விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. அப்புறம் 2008-இல் சர்வதேச விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் ஆங்கிலத் தகுதி நிலை என்றே ஒன்று வந்தது. எல்லாம் சரி.

ஆனால் 1978 செப்டம்பர் 25-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்ததற்கு என்ன சொல்வது? இரு பக்கமும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள். ஒரு போயிங் 727 இறங்க வருகிறது. முன்னால், கொஞ்சம் கீழே, பயிற்சியில் இருந்த ஒரு சின்ன செஸ்னா. அதைக் கவனியுங்கள் என்று டவர் சொல்கிறது. செஸ்னா கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. "வலப்பக்கமாகக் கடந்து போயிருப்பான் என்று நினைக்கிறேன்" என்ற பொருளில் போயிங்கிலிருந்து பதில் வருகிறது. 'கடந்து போய்க்கொண்டிருக்கிறான்' என்று கன்ட்ரோலர் காதில் விழுகிறது. சரி, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அவர் விட்டுவிட்டார். செஸ்னாவும் தனக்குச் சொன்ன திசையை விட்டு மாறியிருந்தது. மாறியதைச் சொல்லவும் இல்லை. இரண்டும் மோதின. தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 144 பேர் போனார்கள். இதில் ஆங்கிலம் எங்கே குறைந்தது? 'கண்ணில் படவில்லை' என்று பளிச்சென்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், 'இப்போது தெரிகிறதா' என்று மற்றவர் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

சின்ன விமானத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பெரிய விமானத்தில் இருவர் இருப்பார்கள், ஒருவர் ஓட்ட மற்றவர் ரேடியோ பார்ப்பார். தனியாகப் பறக்கிற மாணவனுக்கு எல்லாம் அவனேதான். என் அக்கா மகன் இப்போது பயிற்சியில் இருக்கிறான். போன விடுமுறைக்கு வந்தவன் முகப்பில் உட்கார்ந்து எனக்கு நடித்தே காட்டினான். டவர் ஒரே மூச்சில் சொல்லும்: இந்த ஓடுபாதை, காற்று இந்தப் பக்கம், காற்றழுத்தம் இவ்வளவு, இறங்குவதில் நீ இரண்டாவது, முன்னால் போகிற செஸ்னாவைப் பார், திரும்பும்போது சொல். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை த்ராட்டிலில், பேசுவதற்கான பட்டன் கட்டைவிரலுக்கு அடியில். பட்டனை அமுக்குவதற்கு முன்பே வாய் திறந்துவிட்டால் முதல் சொல் காற்றோடு போய்விடும். முதல் சொல் எது? தன் விமானத்தின் அழைப்புப் பெயர்! ஒரே பள்ளியின் விமானங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர். ஒருவனுக்குச் சொன்னதை இன்னொருவன் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

"பாதிதான் புரியும் மாமா, ஆனா ரோஜர்னு சொல்லிருவேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடுபாதை எண், உயரம், திசை, அழுத்தம், இறங்க அனுமதி இதையெல்லாம் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ரோஜர் என்றால் 'காதில் விழுந்தது' என்று மட்டும்தான். உயரம் காட்டும் கருவியில் டவர் சொல்கிற காற்றழுத்தத்தை வைக்க வேண்டும். 1009 என்றதை 1019 என்று வைத்துவிட்டால் அது கிட்டத்தட்ட 280 அடி கூடுதலாகக் காட்டும். ஆயிரம் அடியில் போகிறோம் என்று நினைப்பவன் எழுநூற்றுச் சொச்சத்தில் போய்க்கொண்டிருப்பான்.

ஏன்டா திரும்பக் கேட்கவில்லை என்றேன். ஒரு தடவை கேட்டானாம். கன்ட்ரோலர் எரிந்து விழுந்தாராம், மற்ற எல்லா விமானங்களும் கேட்கிற அதே அலைவரிசையில். எந்த ஊர் டவர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்குப் பிறகு அவன் கேட்பதே இல்லை.

இங்கேதான் நம் வளர்ப்பும் வருகிறது. பெரியவர்கள் சொன்னால் தலையாட்டு. எதிர்க்கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. பதினெட்டு வருஷம் இப்படி வளர்த்துவிட்டு, மூவாயிரம் அடியில் ஒரு அதிகாரியிடம் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேள் என்றால் வாய் வருமா? இத்தனைக்கும் நம்மவர்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர்கள். மேலாள் தொகையைச் சொன்னால் அடுத்தாள் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பேரேட்டில் எழுத வேண்டுமாம். வெறும் 'சரிங்க' என்றால் வசவு விழுமாம். பணம் என்றால் அவ்வளவு கறார்.

மரியாதை பார்ப்பது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, மூடுபனி. ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் விமானம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்க, மறுமுனையிலிருந்து நெதர்லாந்தின் கே.எல்.எம் விமானம் கிளம்பிவிட்டது. பொறுங்கள் என்று டவர் சொன்ன அதே நொடியில் நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆமும் பேச, இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று கலந்து கே.எல்.எம் விமானிகளுக்குக் கேட்டது ஒரு கீச்சொலி. (ஒரே அலைவரிசையில் இருவர் சேர்ந்து பேசினால் இதுதான் கதி. பேசிய இருவருக்கும் அது தெரியாது. தாங்கள் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள்.) அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையா என்று கே.எல்.எம் விமானப் பொறியாளர் கேட்டார். போய்விட்டது என்று கேப்டன் அழுத்திச் சொல்லிவிட்டார். அந்தக் கேப்டன் கம்பெனிக்கே பயிற்சித் தலைவர். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் போனார்கள்.

அதற்காக விமானி தலையிலேயே எல்லாவற்றையும் போடவும் கூடாது. 1989-இல் கோலாலம்பூர் சுபாங்கில் இறங்க வந்த சரக்கு விமானத்தை 2400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். விமானிகள் 400 என்று கேட்டுக்கொண்டு, 400 என்றே திருப்பியும் சொன்னார்கள். டவர் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். திருப்பிச் சொல்வது பாதி வேலை, அதைக் காது கொடுத்துக் கேட்பது மீதி. எரிந்து விழுகிற கன்ட்ரோலர் அந்த மீதியைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது உத்தரவு விமானத்தின் திரையிலேயே எழுத்தாக வருகிறதே என்று யாராவது எழுதுவீர்கள். வருகிறது, கடல் மேல் உயரத்தில் போகிற பெரிய விமானங்களுக்கு. ஓடுபாதையைச் சுற்றி வட்டமடிக்கிற இரண்டு சீட் விமானத்துக்கு இன்றும் வாய்ப்பேச்சுதான்.

அமெரிக்காவில் பயிற்சி விமானி தன் அழைப்புப் பெயரோடு 'மாணவ விமானி' என்றும் சேர்த்துச் சொல்லலாம். டவர் நிதானமாகப் பேசும். நம் பிள்ளைகளும் கூச்சப்படாமல் அப்படிச் சொல்லப் பழகட்டும். ரேடியோ உரிமத் தேர்வை இவ்வளவு காலம் தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்தது. 2024-இல் வந்த பாரதிய வாயுயான் சட்டம் அதை விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏ கைக்கு மாற்றியிருக்கிறது. கை மாறியதோடு தேர்வையும் கொஞ்சம் மாற்றலாம். வேண்டுமென்றே ஒரு உத்தரவைக் குழப்பிச் சொல்லட்டும். திரும்பக் கேட்பவனுக்கு முழு மார்க், ரோஜர் என்பவனுக்குப் பூஜ்யம். அப்படி ஒரு தேர்வு வந்தால் என் அக்கா மகன் முதல் தடவை தேறமாட்டான். அவனிடமே சொல்லிவிட்டேன்.