பெரிய ஜெர்சி போடாத பி.கே.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஏரியா மைதானத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு மேட்ச். ஹாஃப் டைமில் 0-2. நான் வெள்ளைப் பலகையை எடுத்து வைத்து, அம்புக்குறி போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ரைட் பேக் (வலது பக்கத்தைக் காக்கிற பையன்) ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். ரெண்டு கோலும் தன் பக்கமிருந்துதான் விழுந்தது என்று அவனுக்குத் தெரியும். நான் பலகையைப் பார்த்தே பேசினேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டம் 0-4ல் முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்த லேஸ்தான் கண்ணில் நின்றது.

அன்றிலிருந்து மனசில் ஓடுவது இந்தியாவுக்கு ஆடி, பிறகு கோச்சான பி.கே. பானர்ஜி. பிரதீப் குமார் பானர்ஜி. கொல்கத்தாவில் இன்றைக்கும் 'பி.கே.' என்றால் போதும்.

நம் ஊரில் ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு குவார்டியோலா எந்த வருஷம் எந்த கிளப்புக்கு ஆடினார், எப்போது கோச் ஆனார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அதில் தப்பில்லை, எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் ஆட்டக்காரராக உச்சத்தைத் தொட்டு, கோச்சாக அதே உச்சத்தை இன்னொரு முறை தொட்ட ஒரு மனிதர் இந்தியாவிலேயே இருந்தார். அவரைப் பற்றித் தமிழில் நாலு வரி தேடினாலும் சரியாகக் கிடைப்பதில்லை. எனக்கு அது வருத்தம்.

ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1936 ஜூன் 23ல் ஜல்பைகுரியில் பிறந்தவர், வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். ரைட் விங்கர், வலது காலில் இடி மாதிரி ஷாட். 1954ல் கொல்கத்தாவுக்கு வந்து ஆர்யன் கிளப்பில் ஆடினார், அடுத்த வருஷமே ஈஸ்டர்ன் ரயில்வே. அங்கேயே கடைசி வரை. 1967ல் விளையாட்டை நிறுத்தும் வரைக்கும், ஊரையே ரெண்டாகப் பிரிக்கும் பரம எதிரி கிளப்புகளான மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. கொல்கத்தாவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஊர்க்காரர்களிடம் பேசினால்தான் புரியும். அங்கே குழந்தை பிறக்கும்போதே வீட்டில் எந்த ஜெர்சி என்று முடிவாகியிருக்கும். 'ப்ரொஃபஷனல்' என்ற சொல்லே இந்திய ஃபுட்பாலில் இல்லாத காலம் அது. ரயில்வே வேலை என்றால் மாசச் சம்பளம். அந்த ரயில்வே டீமை வைத்துக்கொண்டு 1958ல் கல்கத்தா லீக்கையே ஜெயித்துக் காட்டினார்கள். இந்த ரெண்டோடு மொஹம்மதன் ஸ்போர்ட்டிங்கும் சேர்ந்த மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி இன்னொரு டீம் அந்த லீக்கை ஜெயிக்க அதற்குப் பிறகு 61 வருஷம் ஆனது. 2019ல் பியர்லெஸ் என்ற டீம் ஜெயித்தது.

இந்தியாவுக்காக 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் வந்த டீமில் இருந்தார். 1960 ரோமில் அவர்தான் கேப்டன். பிரான்ஸுக்கு எதிராக 1-1 டிரா செய்த ஆட்டத்தில் நம் கோல் அவர் அடித்தது. (அதே ஒலிம்பிக்ஸில் பெருவுக்கு எதிராக நம் ஒரே கோலை அடித்தவர் நம்ம தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். இந்த ஒரு வரியையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.)

ஆனால் பி.கே. கோச்சானது 1962 ஜகார்த்தாவில்தான் என்று எனக்குத் தோன்றும். அப்போது அவர் இன்னும் ஆட்டக்காரர். ஆசிய விளையாட்டுப் போட்டி, முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. இறுதியில் மறுபடியும் அதே தென் கொரியா. அரசியல் காரணத்தால் இந்தியா மேல் கோபத்தில் இருந்த ஒரு லட்சம் பேர் ஸ்டேடியம் அதிரக் கத்துகிறார்கள். கோச் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், உடம்பில் புற்றுநோய். டிஃபெண்டர் ஜர்னைல் சிங் தலையில் தையல். அந்த மனிதரை ரஹீம் சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜைக் கோல் போஸ்டில் நிறுத்தினார். 17ஆவது நிமிஷம் பி.கே. கோல். 20ஆவது நிமிஷம் ஜர்னைல் கோல். 2-1, தங்கம். அடுத்த ஜூனில் ரஹீம் போய்விட்டார்.

தையல் போட்ட தலையோடு ஒருவன் பந்தை முட்டத் தயாராகிறான் என்றால் அதற்கு முன்னால் அவனிடம் யாரோ என்னவோ பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் பி.கே. பின்னாளில் அவருடைய பேச்சுக்கே கொல்கத்தா பத்திரிகைகள் ஒரு பேர் வைத்தன: 'வோக்கல் டானிக்'. மேட்சுக்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் அவர் கொடுக்கும் மருந்து. ஒருவனுக்கு அதட்டல், இன்னொருவனுக்குத் தோளில் கை, இன்னொருவனுக்கு அவன் ஊர்ப் பெருமை.

இதை வைத்தே சிலர் அவரைக் குறைத்துப் பேசுவார்கள். 'வெறும் வாய்ப்பேச்சு, டாக்டிக்ஸ் கிடையாது' என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஜப்பானில் ஜெர்மன் கோச் டெட்மார் கிராமர் நடத்திய ஃபிஃபா பயிற்சியை முடித்து வந்த மனிதர் அவர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து தயார் செய்த டீம் வெண்கலம் வாங்கியது. ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வாய்ப்பேச்சில் வெண்கலம் வராது.

1972ல் ஈஸ்ட் பெங்காலுக்கு கோச். 1975ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் என்ற கோப்பையின் இறுதியில் மோகன் பகானை 5-0 என்று புரட்டி எடுத்தது அவருடைய டீம். அந்த ஸ்கோர் இன்றைக்கும் கொல்கத்தாவில் ஒரு காயம். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்த இடம் எது? அதே மோகன் பகான்! காயப்பட்டவர்களே கூப்பிட்டுக் கோச்சாக வைத்துக்கொண்டார்கள். 1977ல் அவர்களுக்கு ஷீல்ட், டூராண்ட், ரோவர்ஸ் என்ற மூன்று கோப்பைகளையும் ஒரே சீசனில் வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் டீமை ஈடன் கார்டனில் 2-2 என்று நிறுத்தினார்கள். ரெண்டு வீட்டு ஜெர்சியும் போடாதவர் என்பதால்தான் ரெண்டு வீட்டுக்குள்ளும் போய் உட்கார முடிந்தது என்று நினைக்கிறேன். எதிரி டீமின் பழைய ஆள் என்று அவரை ஒதுக்க யாருக்கும் காரணம் இல்லை.

1997 ஜூலை 13 பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனசு வராது. சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கப் அரையிறுதி, 1,31,000 பேர். மோகன் பகானுக்கு அமல் தத்தா கோச். அவரும் ஆட்டக்காரராக இருந்து கோச்சானவர், பெரிய மூளை. 'டைமண்ட் சிஸ்டம்' என்ற அவருடைய ஆட்ட அமைப்பு அந்த சீசனில் எல்லோரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. மேட்சுக்கு முன்னால் பேப்பர்காரர்களிடம் எதிரணியான ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைக் கேலி செய்தார். பைச்சுங் 'சுங் சுங்' ஆனார், ஓமோலோ 'ஆம்லெட்' ஆனார். அறுபது வயசு தாண்டிய பி.கே. அப்போது மறுபடியும் ஈஸ்ட் பெங்கால் கோச். பதில் பேட்டி கொடுத்துச் சண்டையைப் பெரிதாக்கவில்லை. அந்தக் கேலியை அப்படியே டிரெஸ்ஸிங் ரூமுக்குள் எடுத்துப் போனார். சிக்கிமிலிருந்து வந்த இருபது வயசுப் பையனுக்கு அதைவிட என்ன டானிக் வேண்டும்? பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக். 4-1.

இறுதி ஆட்டத்தில் கோவா கிளப்பான சல்கோகரிடம் தோற்றார்கள். கொல்கத்தாக்காரர்கள் அதை ஞாபகமே வைத்துக்கொள்வதில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். 2004ல் ஃபிஃபா அவருக்கு நூற்றாண்டு விருது கொடுத்தது. அர்ஜுனா விருது வாங்கிய முதல் ஃபுட்பால் ஆட்டக்காரர் அவர். 2020 மார்ச் 20ஆம் தேதி, நாடு முழுக்க கொரோனா பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரத்தில் போய்விட்டார். லட்சம் பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்த மனிதரைக் கூட்டம் கூடி வழியனுப்ப முடியவில்லை.

அவர் பிறந்த நாளான ஜூன் 23ஐ இந்திய ஃபுட்பால் சம்மேளனம் 'கிராஸ்ரூட்ஸ் டே' என்று அறிவித்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கான நாள். நல்ல முடிவு. ஆனால் அந்த நாளில் பேனர் கட்டி போட்டோ எடுக்கிற இடங்களில் எத்தனை கோச்சுகள் பையன்களிடம் இந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள்?

நான் இந்த வாரம் பேசினேன். பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். பிராக்டிஸ் முடிந்ததும் வட்டமாக உட்கார வைத்து, ஜர்னைலின் தையலையும் 'ஆம்லெட்' கதையையும் சொன்னேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரைட் பேக்கைக் கடைசியாகத் தனியே கூப்பிட்டு, அந்த ரெண்டு கோலில் ஒன்றுக்கு என் பிளான்தான் காரணம் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அவன் தலையை ஆட்டினான். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"சார், அந்த பி.கே. மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?"

"ரயில்வேடா."

நம்பவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நிஜமாவா சார்?" என்று கேட்டுக்கொண்டே கேட் வரைக்கும் கூட வந்தான்.